கீறலிலிருந்து தழும்பு வரை: தோல் தொழில் வட்டாரத்தில் கருவிழிப் புண்

பார்வை இழப்பு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கண்புரைதான். கண்புரை முதுமையில் மெல்ல வருவது. அறுவை சிகிச்சை செய்துகொண்டால் பார்வை பெரும்பாலும் மீண்டுவிடும். உழைக்கும் வயதில் இருப்பவரின் கண்ணைச் சில நாள்களிலேயே பறித்துவிடக்கூடியதும், ஆறிய பின்னும் வெண்தழும்பை விட்டுச் செல்வதுமான கருவிழிப் புண்ணைப் பற்றிய பேச்சோ குறைவு. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசியப் பார்வையின்மைக் கணக்கெடுப்பு, 50 வயதுக்கு உட்பட்டவர்களின் பார்வையின்மைக்கு முதன்மைக் காரணம் கருவிழி மங்கிப்போவதே என்று கண்டறிந்தது. ஊர்ப் பேச்சில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று சொல்லப்படும் அந்த மங்கலுக்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பவை ஒரு சிறு கீறலும், அதன் வழியே புகுந்த கிருமியும், சிகிச்சை தொடங்குமுன் வீணாகிய சில நாள்களுமே. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள தோல் தொழில் வட்டாரத்தில், ஒரே குடும்பத்தில் ஒருவர் வயலுக்கும் மற்றொருவர் தொழிற்சாலைக்கும் செல்வது வழக்கமாதலால், கண்ணில் காயம்படும் வாய்ப்பு இரு திசைகளிலிருந்தும் வருகிறது.

கைக்கடிகாரத்தின் முள்களை மூடியிருக்கும் கண்ணாடி எவ்வாறோ அவ்வாறே, கண்ணின் நிறப்பகுதிக்கு முன்னால் வளைந்து நிற்கும் ஒளிபுகும் திசுவையே மருத்துவர்கள் கருவிழி, அதாவது கார்னியா, என்கிறார்கள். அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீட்டர். அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. தேவையான ஆக்சிஜனைக் கண்ணீரின் வழியே காற்றிலிருந்தும், ஊட்டத்தைக் கண்ணின் உள்ளே சுரக்கும் நீரிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது. உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் கொல்லாஜன் இழைகள் மிகச் சீரான இடைவெளியில் அமைந்திருப்பதால்தான் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. புண் ஆறும்போது உடல் அந்த இடத்தை நிரப்பும் இழைகளில் இந்தச் சீர்மை இல்லாததால், கிருமி முழுவதும் அழிந்த பின்னும் அங்கே வெண்மை தங்கிவிடுகிறது. சிகிச்சையில் வெற்றி என்பதற்கும் பார்வை மீண்டது என்பதற்கும் இடையே உள்ள இடைவெளி இந்த உடற்கூற்றிலிருந்தே தொடங்குகிறது.

கருவிழியின் மேல்தோலாகிய எபிதீலியம் முழுமையாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. கண் இமைத்தலும் கண்ணீரும் அவற்றை அவ்வப்போது கழுவிக்கொண்டே இருக்கின்றன. மேல்தோலில் விழும் சிறு கீறல் தூய்மையாக இருந்தால் ஓரிரு நாள்களில் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் நெற்கதிரின் நுனியோ, கரும்புத் தோகையோ, அடுப்புக்கு வெட்டும் சீமைக்கருவேல முள்ளோ கண்ணில் படும்போது, கீறலோடு மண்ணிலும் செடியிலும் வாழும் பூஞ்சை வித்துகளும் உள்ளே பதிந்துவிடக்கூடும். கண்ணில் பூஞ்சையால் புண் வருவதை 1879ஆம் ஆண்டில் முதன்முதலில் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் லெபர் கண்ட நோயாளியும், ஓட்ஸ் தானியத்தின் உமி கண்ணில் பட்ட உழவரே. குளிர்நாடுகளில் அரிதான அந்த நோய், வெப்பமும் ஈரமும் சேர்ந்த தென்னிந்தியாவில் அன்றாடம் காணப்படுவது.

அது எவ்வளவு பரவலானது என்பதை முறையாக அளந்து காட்டியது மதுரை. 1993ஆம் ஆண்டின் நோயாளிகளைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 11 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கண்டது. இது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு வட்டாரத்தில் கணக்கிடப்பட்ட வீதத்தைப் போலப் பத்து மடங்கு. அந்த வீதத்தை நாடு முழுமைக்கும் பொருத்திப் பார்த்து, இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 8,40,000 பேர் இந்நோய்க்கு ஆளாகலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 நோயாளிகளை மருத்துவர் எம். சீனிவாசனும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் புண் வருமுன் கண்ணில் காயம் பட்டிருந்தது தெரியவந்தது. ஆய்வகத்தில் கிருமி வளர்ந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் பாக்டீரியா, ஏறக்குறைய அதே அளவினரிடம் பூஞ்சை என்று இரண்டும் சம அளவில் நின்றன. இந்தச் சமநிலைதான் தமிழ்நாட்டின் நோய்க்கும் மேலைநாடுகளின் நோய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு. அங்கே காண்டாக்ட் லென்ஸ் அணிவோரிடம் காணப்படும் பாக்டீரியாத் தொற்றே பெரும்பான்மை என்பதால், ஒரு பொதுவான பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்குவது பெரும்பாலும் பலிக்கும். இங்கே அதே வழியைப் பின்பற்றினால் நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தவறான மருந்தே கிடைக்கும்.

வயல்வேலையின் ஆபத்துகள் மதுரைக்கும் இந்த வட்டாரத்துக் குடியாத்தத்துக்கும் பொதுவானவை என்றால், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களுக்கே உரியவை தோல் தொழிலிலிருந்து வருபவை. உப்பிட்டு வரும் பச்சைத் தோல் முதலில் நீரில் ஊறவைக்கப்பட்டு, பின்னர் மயிரை நீக்குவதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலுக்குச் செல்கிறது. இவை இரண்டும் கடுமையான காரத்தன்மை உடையவை. அமிலம் கண்ணில் பட்டால் அது மேற்பரப்பின் புரதத்தை உறையச் செய்து, அந்த உறைவே ஓரளவு தடுப்பாக நின்றுவிடும். காரமோ கொழுப்பைக் கரைத்துக்கொண்டு கருவிழியின் ஆழம்வரை ஊடுருவக்கூடியது. அதைவிடக் கொடுமையானது, கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் விளிம்பில் இருக்கும் மூலச் செல்களை அது எரித்துவிடுவது. மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் அந்தச் செல்கள் அழிந்தால் கண்ணின் மேற்பரப்பு மாதக்கணக்கில் மூடாமல் திறந்தே கிடக்கும். அவ்வாறு திறந்து கிடக்கும் பரப்பில் பின்னர் கிருமி குடியேறுவது எளிது. சுண்ணாம்பு தெறித்த கண்ணை வேறெதற்கும் காத்திராமல் அங்கேயே, அப்போதே, கிடைக்கும் தூய நீரால் குறைந்தது 15 முதல் 30 நிமிடம்வரை இடைவிடாமல் கழுவி, இமைகளுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துகள்களையும் அகற்றிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வண்டி தேடுவதில் கழியும் பத்து நிமிடத்துக்குள் காரம் கருவிழியைத் தாண்டி உள்ளே சென்றுவிடும்.

சுண்ணாம்புக்குப் பின் வரும் படிகளிலும் கண்ணுக்கு ஓய்வில்லை. உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்த பிக்கிள் கரைசல், குரோம் பதனிடும் டிரம், அதிலிருந்து நீலநிறத்தில் வெளிவரும் வெட் புளூ தோலைச் சீவும் ஷேவிங் இயந்திரம், உப்புத்தாள் உருளையில் தோலைத் தேய்க்கும் பஃபிங் இயந்திரம் என்று ஒவ்வொன்றும் துளியையோ துகளையோ தூசியையோ வீசக்கூடியது. செருப்பு, ஷூ தொழிற்சாலைகளில் மேல்தோலைச் சொரசொரப்பாக்கும் வேலையிலும் பசை பூசும் வேலையிலும் பெண்களே பெருமளவில் இருக்கிறார்கள். துகள் தெறிக்கும் வேலையில் ஈடுபடுவோருக்குக் கண்ணாடி முதலிய காப்புகளை வழங்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35ஆவது பிரிவில் வகுத்தது. ஆனால் வியர்வையாலும் தூசியாலும் சிறிது நேரத்திலேயே மங்கிவிடும் கண்ணாடியை, கூலி எண்ணிக்கையைப் பொறுத்து அமையும் இடத்தில், தொழிலாளி கழற்றி வைத்துவிடுவது வியப்பன்று. மங்காத, பக்கவாட்டிலும் மூடிய, துடைக்க எளிதான கண்ணாடியைத் தேர்ந்தெடுத்து வழங்குவதும், சுண்ணாம்பு வேலை நடக்கும் இடத்திலிருந்து சில எட்டுகளிலேயே கண் கழுவும் குழாயை அமைப்பதும் நிர்வாகத்தின் கடமை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி அதைக் கடந்துவிட முடியாது.

இந்த வட்டாரத்துக்குக் கருவிழிப் புண்ணோடு வேறொரு, மிகவும் மதிப்புக்குரிய உறவும் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணியின் முதல் பெரிய கட்டடமாக 1902இல் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனையாக மாறியது. அக்கல்லூரிக்கு 1946இல் அறுவை மருத்துவர் பால் பிராண்டும், அடுத்த ஆண்டில் அவருடைய மனைவி மார்கரெட் பிராண்டும் வந்து சேர்ந்தனர். பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் சீரமைப்பதில் ஈடுபட்டபோது, மார்கரெட் அவர்களுடைய கண்களைக் கையிலெடுத்தார். காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் 1955இல் நிறுவப்பட்ட ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையம் அந்தப் பணிக்குக் களமாயிற்று.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவது; முகத்தில் அது இரண்டு நரம்புகளைத் தாக்கும்போது கண் இருமடங்கு காப்பிழக்கிறது. இமையை மூடும் தசையை இயக்கும் நரம்பு செயலிழந்தால் கண் உறக்கத்திலும் முழுமையாக மூடாது. கருவிழிக்கு உணர்வைத் தரும் நரம்பு செயலிழந்தால் தூசி விழுந்தாலும், கீறல் ஏற்பட்டாலும், புண்ணே வந்தாலும் வலி தெரியாது. மற்றவர்களைப் பதறி மருத்துவமனைக்கு ஓடச்செய்யும் அந்த வலி இல்லாததால், அந்நோயாளிகள் கருவிழி கரைந்துபோகும்வரை இயல்பாக நடமாடிக்கொண்டிருந்தனர். கடிக்கும் தசையின் ஒரு பட்டையை இமைக்கு மாற்றிப் பொருத்தி, பற்களை இறுகக் கடிக்கும்போது கண் மூடுமாறு செய்யும் அறுவை சிகிச்சை இதற்குக் கையாளப்பட்டது. நினைவோடு அடிக்கடி கண் சிமிட்டும் பழக்கமும் நோயாளிகளுக்குக் கற்றுத் தரப்பட்டது. இன்று தொழுநோய் வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும், கரிகிரியில் உணரப்பட்ட உண்மை முகவாதத்தால் இமை மூடாதவர்களுக்கும், நீண்டநாள் நீரிழிவால் கருவிழியின் உணர்வு குன்றியவர்களுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடப்பவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது: வலிக்காத கண்ணையே அதிகம் கவனிக்க வேண்டும்.

வெளிப்படையான காயமின்றியும் புண் வரலாம். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள கண்ணீர்ப்பை அடைபட்டுச் சீழ் தேங்கியிருப்பவர்களுக்கு, அங்கே குடியிருக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியா சிறு கீறலையும் பயன்படுத்திக்கொள்ளும். மதுரை ஆய்வில் பாக்டீரியாக்களில் முதலிடம் பெற்றதும் இதுவே. ஆகையால்தான் கண்ணில் புண்ணோடு வருபவரின் மூக்கோரத்தை மருத்துவர் அழுத்திப் பார்க்கிறார். அக்கிப் புண்ணை உண்டாக்கும் ஹெர்பஸ் வகை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து மீண்டும் மீண்டும் கருவிழியைத் தாக்கக்கூடியது. வைட்டமின் ஏ குறைபாட்டால், குறிப்பாகத் தட்டம்மைக்குப் பின், குழந்தைகளின் கருவிழி உருகிப்போவது முன்பு பரவலாக இருந்து இப்போது அருகிவிட்டது. காண்டாக்ட் லென்ஸைக் குழாய்நீரில் கழுவுவோரையும் அசுத்த நீர் கண்ணில் தெறித்தோரையும் அகாந்தமீபா என்னும் ஒற்றைச் செல் உயிரி பிடிக்கலாம். புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி அதன் அடையாளங்களுள் ஒன்று.

கீறலுக்கும் புண்ணுக்கும் இடையே எவ்வளவு காலம் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை நேபாளத்தில் கிடைத்தது. பக்தபூரில் சுமார் 35,000 மக்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கண்ணில் கீறல் விழுந்தவர்களுக்கு ஊரிலேயே சுகாதாரப் பணியாளர்கள் குளோராம்பெனிக்கால் களிம்பைப் போட்டுவந்தனர். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போடப்பட்ட எவருக்கும் புண் வரவில்லை, தாமதித்தவர்களிடையே தாமதத்தின் அளவுக்கேற்பப் புண் கூடியது. பூஞ்சை மிகுந்த தென்னிந்தியாவில் இது பலிக்குமா என்ற ஐயத்தோடு மதுரைக் கிராமங்களில் ஏறத்தாழ 48,000 மக்களிடையே இதே முறை சோதிக்கப்பட்டபோது, ஒரு பிரிவினருக்குப் பாக்டீரியா எதிர்ப்புக் களிம்போடு பூஞ்சை எதிர்ப்புக் களிம்பும் சேர்க்கப்பட்டது. கீறல்கள் ஏறக்குறைய அனைத்தும் புண்ணாகாமல் ஆறின. எனினும் நேபாளத்தில் பின்னர் ஊர்களை இரு பிரிவாக்கி நடத்தி, 2022இல் வெளியான பெரிய ஆய்வில், பணியாளர்கள் இருந்த ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் இடையே புண்களின் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. களிம்பு தோற்றது என்பது இதன் பொருளன்று. காயம்பட்டவர் அதே நாளில் பணியாளரிடம் வந்து சேராவிட்டால் திட்டம் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது. அவ்வகையில், வேலை நடக்கும் இடத்திலேயே முதலுதவி அறையை வைத்திருக்கும் தொழிற்சாலைக்குக் கிராமத்தைவிட வாய்ப்பு அதிகம்.

முதல் நாள் கைவிட்டுப் போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று; அன்போடு செய்யப்படும் கைவைத்தியமும் அதற்குத் துணைபோகிறது. தாய்ப்பால் பீச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, இலைச்சாறு பிழிவது, விழுந்த தூசியை நாக்கால் நக்கி எடுப்பது, சேலை முந்தானையால் ஒற்றுவது ஆகியவை தலைமுறைகளாகத் தொடர்பவை. கீறல் இல்லாத கண் இவற்றை ஓரளவு தாங்கிக்கொள்ளும்; கீறல் இருந்தாலோ இவை ஒவ்வொன்றும் கிருமியை உள்ளே கொண்டுசேர்க்கும் வழி. இவற்றினும் பெருங்கேடு மருந்துக் கடையில் நிகழ்கிறது. கண் சிவந்திருக்கிறது என்று கேட்பவருக்குச் சீட்டில்லாமல் கொடுக்கப்படும் சொட்டு மருந்துகளில் பலவற்றில், பாக்டீரியா எதிர்ப்பு மருந்தோடு டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் தணிப்பதால் முதல் ஓரிரு நாள் கண் தேறிவருவதாகத் தோன்றும். அதே நேரத்தில் உடலின் எதிர்ப்பு ஒடுக்கப்படுவதால் பூஞ்சை தடையின்றி ஆழத்துக்குப் பரவும், ஹெர்பஸ் புண் கிளைவிட்டு அகலும். நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது கிருமி கருவிழியின் பாதி ஆழத்தைக் கடந்திருக்கும். வீட்டில் முன்பு யாருக்கோ வாங்கிய பழைய சொட்டு மருந்தை எடுத்து விடுவதும் இதே ஆபத்தை உடையது.

கண் சிவந்து, கூசி, நீர் வழிந்து, இமையைத் திறக்க முடியாத வலியோடு பார்வையும் மங்கினால் அது வெறும் மெட்ராஸ் ஐ ஆக இருக்க வாய்ப்பில்லை. கருவிழியில் வெள்ளைப் புள்ளி தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மருத்துவமனையில் முதலில் பிளவு விளக்கு எனப்படும் நுண்ணோக்கியின் முன் நோயாளி அமர்த்தப்படுகிறார். மெல்லிய பட்டையாக விழும் அதன் ஒளி கருவிழியைக் குறுக்காக வெட்டிக் காட்டுவதால் புண்ணின் ஆழத்தை அளக்க முடிகிறது. ஃபுளோரெசின் என்னும் மஞ்சள் சாயத்தைத் தொட்டு நீல ஒளியில் பார்த்தால், மேல்தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கருவிழிக்குப் பின்னால் உள்ள அறையில் சீழ் கீழே படிந்து வெள்ளைக் கோடாக நிற்குமானால் நோய் முற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புண்ணின் ஓரம் இறகின் நுனி போல் பிரிந்து, சுற்றிலும் சிறு வெண்புள்ளிகள் சிதறியிருந்தால் பூஞ்சையையும், மரக்கிளை போல் கிளைத்திருந்தால் ஹெர்பஸ் வைரஸையும், வளையமாக இருந்தால் அகாந்தமீபாவையும், ஒரே இரவில் கூழாகி விரிந்தால் சூடோமோனாஸ் பாக்டீரியாவையும் மருத்துவர் ஐயுறுவார்.

ஆனால் இவை ஐயங்களே. தேர்ந்த மருத்துவரின் கண்ணும் இதில் அடிக்கடி ஏமாறக்கூடும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முடிவைச் சொல்வது சுரண்டல் பரிசோதனை. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, புண்ணின் ஓரத்தையும் அடியையும் கூர்மையற்ற தகட்டாலோ சிறு கத்தியாலோ மெல்லச் சுரண்டி எடுத்த துணுக்கை மருத்துவர் இரண்டு கண்ணாடித் தகடுகளில் தடவுகிறார். ஒன்று கிராம் சாயம் ஏற்றப்பட்டுப் பாக்டீரியாவின் நிறத்தையும் வடிவத்தையும் காட்டும். மற்றொன்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி விட்டால், மனிதச் செல்கள் கரைந்து பூஞ்சையின் இழைகள் மட்டும் தெளிவாக நிற்கும். இந்த இரண்டாவது சோதனைக்குச் சில நிமிடமும் சாதாரண நுண்ணோக்கியும் சில ரூபாய் மதிப்புள்ள கரைசலும் போதும். கண் சிகிச்சையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய தவறைத் தடுக்கும் சோதனை வேறு இருக்க முடியாது. தாலுகா அளவிலான மருத்துவமனை வரை இதைக் கொண்டுசெல்லாதிருப்பதற்குப் பயிற்சிக் குறையைத் தவிர வேறு காரணமும் தெரியவில்லை. மீதித் துணுக்கு வளர்தட்டுகளில் இடப்படுகிறது: பாக்டீரியாவுக்கு இரத்தம் கலந்த அகர், பூஞ்சைக்குச் சாபுரோ அகர், அகாந்தமீபாவுக்கு அது உண்ணும் பாக்டீரியா பரப்பப்பட்ட சத்தற்ற அகர். பாக்டீரியா ஓரிரு நாளில் முளைத்துவிடும். பூஞ்சைக்கு ஒரு வாரமும் ஆகலாம்.

அண்மை ஆண்டுகளில் இந்தச் சோதனைக்கு ஒரு புதிய சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பிதியம் என்னும் நீர்வாழ் உயிரி நுண்ணோக்கியில் பூஞ்சை இழையாகவே தோன்றும். உண்மையில் அது பூஞ்சை அன்று. பூஞ்சை எதிர்ப்பு மருந்தாகிய நடாமைசின், பூஞ்சையின் செல் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் பொருளைப் பற்றிக்கொண்டு செயல்படுவது. பிதியத்தின் சவ்வில் அப்பொருள் இல்லாததால் மருந்து பற்றுவதற்கே இடமில்லை. லினிசோலிட், அசித்ரோமைசின் ஆகிய பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகளை இதற்கு இப்போது பயன்படுத்துகிறார்கள். பூஞ்சை மருந்துக்கு எவ்வகையிலும் மசியாத புண்ணைக் கண்டால் மருத்துவர் மீண்டும் சுரண்டிப் பார்ப்பது இதனாலும்தான்.

சிகிச்சையின் சுமை பெரும்பாலும் நோயாளியின் வீட்டார்மேல் விழுகிறது. பாக்டீரியாப் புண்ணுக்கு மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற சொட்டு மருந்தையோ, செஃபசோலின், டோப்ராமைசின் ஆகியவற்றை ஊசி மருந்திலிருந்து செறிவாகக் கலந்து தயாரித்த சொட்டுகளையோ முதல் இரண்டு நாள் இரவும் பகலும் மணிக்கொரு முறை விட வேண்டும். பூஞ்சைப் புண்ணுக்கு 5 விழுக்காடு நடாமைசினை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை விட்டு, மேல்தோல் மூடிய பின்னும் வாரக்கணக்கில் தொடர வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணில் 1955இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட இந்தப் பழைய மருந்தைவிட, உடலுக்குள் ஆழ ஊடுருவும் புதிய வோரிகோனசோல் மேலானதாக இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் மருத்துவர் என். வெங்கடேஷ் பிரஜ்னாவும் அமெரிக்க ஆய்வாளர்களும் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு அந்த எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது: நடாமைசின் பெற்றவர்களின் பார்வை மேம்பட்டது, கருவிழியில் துளை விழுவது குறைந்தது, மண்ணிலும் செடியிலும் வாழும் ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. தமிழ்நாட்டு உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் பங்கேற்ற அந்த ஆய்வுக்குப் பின், 2017இல் உலக சுகாதார நிறுவனம் நடாமைசின் கண் சொட்டைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஸ்டீராய்டைப் பற்றிய கேள்வியும் இதே போன்ற நோயாளிகளிடமிருந்தே விடை பெற்றது: பாக்டீரியாப் புண் உள்ள 500 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தகுந்த மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்ததால் மூன்று மாத முடிவில் ஒட்டுமொத்தமாகப் பார்வையில் நன்மை காணப்படவில்லை.

கண்ணின் உள்தசை இறுகுவதால் வரும் வலியைக் குறைக்கவும், உள்ளே கண்மணி ஒட்டிக்கொள்ளாமல் காக்கவும் அட்ரோபின் அல்லது ஹோமட்ரோபின் சொட்டு சேர்க்கப்படுகிறது. ஹெர்பஸ் புண்ணுக்கு நாளுக்கு ஐந்து முறை அசைக்ளோவிர் களிம்பு. அகாந்தமீபாவுக்கோ மாதக்கணக்கில் கிருமிநாசினிச் சொட்டு. புண்பட்ட கண்ணைக் கட்டுப்போட்டு மூடக் கூடாது, ஏனெனில் வெப்பமும் இருட்டும் கிருமிக்கே உதவும். கறுப்புக் கண்ணாடி போதும். நடாமைசின் நீரில் கரையாமல் அடியில் படியும் மருந்து என்பதால், விடுமுன் ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும் என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். குலுக்காத குப்பியிலிருந்து கண்ணில் விழுவது பெரும்பாலும் வெறும் நீரே. பல வாரங்கள் மணிக்கொரு முறை மருந்து விட ஓர் ஆள் தேவைப்படும்போது அந்த ஆளின் கூலியும் சேர்ந்தே போகிறது. சரியாகத் தொடங்கிய சிகிச்சை இரண்டாம் வாரத்தில் நின்றுபோவதற்கு நோயாளியின் பொறுப்பின்மையைவிட இந்தக் கணக்கே பல வீடுகளில் காரணமாகிறது. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் நோய்க்கால ஊதியத்தைக் கோரலாம் என்பதை மருந்துச் சீட்டோடு சேர்த்தே சொல்வது நல்ல மருத்துவமனையின் வேலை.

மருந்துக்கு அடங்காமல் கருவிழி மெலிந்து ஊசிமுனை அளவு துளை விழுந்தால், சயனோஅக்ரிலேட் பசையால் அதை அடைத்துக் காலம் பெறலாம். துளை பெரிதானாலோ, கிருமி வெண்விழியை நெருங்கினாலோ, அழுகிய கருவிழியை முழுவதும் அகற்றி, இறந்தவர் ஒருவரின் கருவிழியைத் தைக்க வேண்டும். இது பார்வைக்காகச் செய்யப்படுவதன்று, கண்ணைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்படுவது. தொற்று அடங்கிக் கண் அமைதியான பின்னர், பல மாதங்கள் கழித்து, பார்வைக்காக மற்றொரு கருவிழியை மாற்றுவதும் உண்டு. உலகில் முதன்முதலாக வெற்றி பெற்ற முழுக் கருவிழி மாற்று அறுவை, 1905ஆம் ஆண்டில் இன்றைய செக் நாட்டின் ஒலோமவுட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் செய்தது. அவர் பார்வை தந்த நோயாளி, வேலையின்போது சுண்ணாம்பு பட்டு இரு கண்களும் மங்கிய ஒரு கூலித் தொழிலாளி. இன்று தானமாகப் பெறும் கண் இறப்புக்குப் பின் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட வேண்டும்; அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்திவைத்தால் கருவிழி உலராமல் இருக்கும். இறந்தவர் கண்ணாடி அணிந்தவரா, நீரிழிவு உள்ளவரா, கண்புரை அறுவை செய்துகொண்டவரா என்பவை தானத்துக்குத் தடையல்ல; பார்வைக்காகச் செய்யும் மாற்று அறுவைக்குப் போதிய தரமில்லாத கருவிழியும் தொற்றை அடக்கும் அறுவைக்குப் பயன்படும்.

ஒரு கண்ணில் தழும்போடு வேலைக்குத் திரும்புபவருக்கு ஆழ அளவை உணரும் திறன் குறைந்துவிடுவதால், ஷேவிங் இயந்திரத்திலும் கத்தி வேலையிலும் கைக்கும் ஆபத்து கூடுகிறது. அவரைத் துகள் தெறிக்காத பிரிவுக்கு மாற்றுவதும், எங்கே இருந்தாலும் மற்றக் கண்ணுக்குப் பக்கவாட்டில் மூடிய கண்ணாடியை விடாமல் அணியச் செய்வதும், பஃபிங் அறைக்கோ சுண்ணாம்புப் பகுதிக்கோ திருப்பி அனுப்பாதிருப்பதும், தொழிற்சாலை மருத்துவர் வேலைக்குத் தகுதிச் சான்று எழுதும் அன்றே முடிவு செய்யப்பட வேண்டியவை.